இயற்கையை வரைதலும் நிற்குமிடமும்: ஊவா மலைநிலத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் லுணுகலைப் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் நடைபெற்ற சித்திரப் போட்டிக்கு நடுவராக அழைக்கப்பட்டேன். இலக்கியம் கற்பிப்பவன் சித்திரத்தை மதிப்பிடத் தகுதியுடையவனா என்ற ஐயம் எனக்கு இருந்தது, ஏற்பாட்டாளருக்கு இருக்கவில்லை. போட்டிக்குரிய தலைப்பு 'இயற்கைக் காட்சி'. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தையே வரைந்தனர். முக்கோண வடிவில் இரு மலைகள், அவற்றின் இடுக்கில் அரைச் சூரியன், அங்கிருந்து இறங்கிவரும் ஆறு, கரையில் இரு தென்னைகள், ஓட்டுக்கூரை வேய்ந்த ஒரு வீடு, அதனருகே வயல். வகுப்பறையின் யன்னல்கள் திறந்திருந்தன. வெளியே, பிபிலைப் பக்கமாகச் சரிந்து செல்லும் உண்மையான மலைகள் நின்றன. அவற்றை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரே ஒரு சிறுமியின் தாள் மட்டும் வேறுபட்டிருந்தது. தாளின் அடிமுதல் முடிவரை வளைந்து வளைந்து செல்லும் பச்சைக் கோடுகள். அவற்றைக் குறுக்கறுத்து மேலிருந்து கீழிறங்கும் சில கபிலக் கோடுகள். மூலையில் ஓர் எண். சூரியன் இல்லை, ஆறு இல்லை, வானமே இல்லை. படம் முற்றுப்பெறவில்லை என்று கருதி அதனை ஒதுக்கிவிட்டு, முக்கோண மலைகளுள் நேர்த்தியானவை மூன்றுக்குப் பரிசளித்தேன். இக்கட்டுரை ஒருவகையில் அத்தீர்ப்பின் மீளாய்வேயாகும்.

இயற்கையை வரையும் ஓவியனின் படைப்புச் செயல்முறை பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. ஓவியன் இயற்கையை உள்ளவாறே பெயர்த்தெடுக்கிறான் என்பது ஒன்று. இயற்கையின் அழகு அவனது அகத்தைத் தீண்ட, அத்தூண்டலால் தன்னையறியாமலே தீட்டிவிடுகிறான் என்பது மற்றொன்று. முதலாவது அவனை இயந்திரமாக்குகிறது. இரண்டாவது அவனைத் தெய்வம் ஏறியவனாக்குகிறது. இரண்டும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன: இயற்கை ஏற்கெனவே ஆயத்தமாக அங்கே இருக்கிறது, ஓவியன் அதன்முன் வந்து நிற்கவேண்டியதுதான் பாக்கி. எங்கே நிற்கிறான், அங்கே நிற்க அவனுக்கு நேரமும் வசதியும் எவ்வாறு வாய்த்தன, அவன் முன்னுள்ளது எவ்வாறு அந்நிலையை எய்திற்று என்ற வினாக்கள் இரண்டிலும் எழுவதில்லை.

வெறுங்கண்ணோடு எவரும் இயற்கையை அணுகுவதில்லை என்பதை ஏர்ன்ஸ்ற் கொம்பிரிச் 1960இல் வெளிவந்த தமது 'கலையும் மாயத்தோற்றமும்' என்ற நூலில் விரிவாக நிறுவியுள்ளார். ஓவியன் தான் கற்றறிந்த ஒரு வாய்பாட்டிலிருந்தே தொடங்குகிறான். பின்னரே காண்பதோடு அதனை ஒப்பிட்டுத் திருத்துகிறான் என்பது அவர் கருத்து. இது பெருமளவுக்கு ஏற்கத்தக்கதே. ஆயின் வாய்பாட்டைத் தருபவர் யார் என்ற வினாவைக் கொம்பிரிச் வற்புறுத்துவதில்லை. லுணுகலைப் பிள்ளைகளின் முக்கோண மலையும் தென்னையும் நெல்வயலும் நாட்காட்டியிலிருந்தும் பாடநூலிலிருந்தும் வந்தவை. அவற்றிலுள்ளது நெல்விளையும் கிராமம். அக்கிராமத்தில் லயம் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சட்டத்தில் நேர்ந்த அத்தவறு பின்வந்த பல பத்தாண்டுகளில் படிப்படியாகத் திருத்தப்பட்டது. சித்திரத் தாளில் அது இன்னும் திருத்தப்படவில்லை போலும். தான் வாழுமிடம் 'இயற்கைக் காட்சி'க்குத் தகுதியற்றது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை எவரும் சொல்லாமலே அறிந்து வைத்திருக்கிறது.

திருத்துதல் என்ற வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளைக் காட்டுவது பொருந்தும். 1821, 1822 ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அண்மையிலுள்ள ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று முகில்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் விரைவாகத் தீட்டினார். அச்சிறு படங்கள் பலவற்றின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்றடித்த திசை முதலியவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளைக் காணும்போது கனவுலகக் கலைஞனைவிட வானிலை ஆய்வாளனே நம் நினைவுக்கு வருகிறான். இவ்வாறு திரட்டியவற்றைக்கொண்டு ஓவியக்கூடத்தில் பெரும் படங்களை அமைத்தார். முழு அளவில் ஒரு பரும்படிப் படம் வரைந்து பார்த்தபின் இறுதிப் படத்தைத் தொடங்குவதும் அவர் கையாண்ட முறை. ஆலை உரிமையாளரின் மகனாதலின் மதகும் படகும் வண்டியும் எவ்வாறு இயங்குகின்றன என்பது அவருக்குத் தெரியும்; அத்தொழிலறிவு படங்களில் புலப்படுகிறது. எனினும் உழைப்பவர் அவற்றில் எப்போதும் தூரத்திலேயே உள்ளனர்; முகம் தெரியாத அளவுக்குச் சிறுத்துள்ளனர். 1820களின் தொடக்கத்தில் கிழக்கு இங்கிலாந்தின் கூலி விவசாயிகள் கிளர்ச்சியில் ஈடுபட்டிருந்த சூழலில் இத்தூரத்தைத் தற்செயலெனக் கொள்ளமுடியாதென ஜோன் பாரெல் 1980இல் எடுத்துக்காட்டினார். முகிலைக் கூர்ந்து நோக்கிய அதே கண் மனிதரிடமிருந்து பின்வாங்கிற்று. அது பார்வைக் குறைபாடன்று, நிற்குமிடத்தின் விளைவு.

இனி நமது மலைக்கு வருவோம். மார்க்ஸும் எங்கெல்ஸும் 'ஜெர்மானியக் கருத்தியல்' என்ற நூலில் செரி மரத்தை உதாரணமாகக் காட்டுவர். கண்முன் நிற்கும் அம்மரத்தை இயற்கை தந்ததென ஃபாயர்பாக் நம்புகிறார். சில நூற்றாண்டுகளுக்கு முன் வாணிகமே அதனை அவர் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை அவர் காண்பதில்லை. இவ்வுதாரணம் ஊவாவுக்குப் பொருந்துவதுபோல் வேறெங்கும் பொருந்துமா என்பது ஐயமே. பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் பேருந்தில் வருபவர் யன்னலால் காணும் காட்சியில் எது 'இயற்கை'? தேயிலை வெளியிலிருந்து வந்தது. நிழலுக்கு நிற்கும் சவுக்கு எனப்படும் கிறவீலியா ஆஸ்திரேலியாவுக்குரியது. அதற்கு முன் இம்மலைகளில் நின்ற கோப்பியும் வந்தேறிய பயிரே. லுணுகலைக்கு அயலிலுள்ள மடுல்சீமையில்தான் 1869ஆம் ஆண்டு கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி முதலில் கவனிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்த பெர்க்லி அதே ஆண்டில் அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது; தேயிலை அதனிடத்தைக் கைப்பற்றியது. ஓர் இலையின் அடிப்புறத்து நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டிய தேவையை ஏற்படுத்தியது அழகுணர்ச்சியன்று, முதலீடு. நிறத்தைக் காணும் கண்ணுக்கும் வரலாறு உண்டு.

தேயிலையை வெட்டாது விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் மட்டமாக அது நிற்பது கவ்வாத்துக் கத்தியால். அம்மட்டத்தை வாரந்தோறும் பேணுவது கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை. செடியின் மேல் மட்டக்கம்பை வைத்து அதற்குமேல் எழுந்த கொழுந்தை மட்டும் கிள்ளுகிறாள். சுற்றுலாக் கையேடுகள் பச்சைக் கம்பளம் என்று வியக்கும் அத்தளம் ஒரு கம்பின் நேர்கோட்டால், பல்லாயிரம் கைகளால், ஓயாது வரையப்பட்டு வருவது. மழைநீர் மண்ணை அள்ளிச் செல்லாதபடி மலைச்சரிவில் வெட்டப்பட்டுள்ள கான்களும் அத்தகையனவே. ஓவியன் தூரிகையை எடுப்பதற்கு முன்னரே இம்மலை ஒருமுறை வரையப்பட்டுவிட்டது. வரைந்தவர் கையொப்பமிடவில்லை, அவ்வளவுதான்.

போட்டி முடிந்தபின் அச்சிறுமியிடம், "மலை எங்கே, பிள்ளை?" என்று கேட்டேன். "இதுதான் சேர் மலை. எங்கம்மா கொழுந்தெடுக்கிற பதினோராம் நம்பர் மலை" என்றாள். தோட்டத் தமிழில் 'மலை' என்பது எண்ணிடப்பட்ட தேயிலைக் காணியைக் குறிக்கும். 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல். மொழியாராய்ச்சியாளர் இச்சொற்பொருள் மாற்றத்தைக் குறித்துவைத்து அப்பால் நகரலாம். ஆனால் ஓவியம் பற்றிப் பேசுவோர் இங்குத் தரித்து நிற்கவேண்டும். ஏனையோருக்குப் பார்க்கும் பொருளாக உள்ள மலை, அதன்மேல் வாழ்வோருக்கு வேலையாகவும் எண்ணாகவும் மாறியிருக்கிறது. அச்சிறுமி மூலையில் இட்ட எண் படத்துக்குப் புறம்பானதன்று. அது அம்மலையின் பெயர்.

இதற்கு எதிர்முனையில் வைத்து நோக்கத்தக்கவர் மரியான் நோர்த். 1830இல் பிறந்து 1890இல் மறைந்த இவ்வாங்கிலப் பெண்மணி, தந்தையார் 1869இல் காலமான பின் அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக்கொண்டு உலகைச் சுற்றித் தாவரங்களை வரைந்தார். 1876ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தார். அவருடைய செயல்முறை அறியத்தக்கது. அக்காலத் தாவர ஓவியர் செடியைப் பிடுங்கி வந்து, வெண்தாளில், நீர்வண்ணத்தில், சூழலற்ற மாதிரியாக வரைவர். நோர்த் அம்மரபை விலக்கினார். செடி வளரும் இடத்துக்குத் தாமே சென்று, அதன் பின்னே மலையும் நீரும் வானும் தெரிய, எண்ணெய் வண்ணத்தில் விரைந்து தீட்டினார். ஜமேக்காவில் விடியலிலிருந்து நண்பகல்வரை வெளியிலும், மழை பெய்யும் பிற்பகல்களில் வீட்டினுள்ளும் வரைந்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் கூறுகிறார். 1841இல் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் வண்ணங்கள் இல்லையெனில் இவ்வாறான வேலை இயன்றிராது என்பதும் கருதத்தக்கது. தாவரத்தை அதன் சூழலோடு ஒருங்கே காணவேண்டும் என்று அவர் கொண்டமை ஒரு முன்னேற்றமான அடியே. அவரை ஏகாதிபத்தியத்தின் கையாள் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவோர் அப்படங்களைப் பார்த்தவரல்லர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஆயின் அவர் கண்ட சூழல் எங்கே முடிகிறது? அவருடைய படங்களில் மனிதர் அரிதாகவே வருவர். வந்தாலும் சிறு உருவினராகவே வருவர். இலங்கையில் அவரை உபசரித்தவர்களுள் ஒருவர் களுத்துறையில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன். கமரன் குடும்பத்தின் வருவாய் இலங்கைக் கோப்பித் தோட்டங்களைச் சார்ந்திருந்தது. மடுல்சீமையில் தொடங்கிய செம்மஞ்சள் பொடியின் கேடு அத்தோட்டங்களுக்கும் பரவிற்று. நோர்த் தரும் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கமரன் ஒருவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு அமர்த்தியிருந்தார். அவனது முதுகின் அழகே அதற்குக் காரணம். வீட்டில் தோட்டமே இருக்கவில்லை. தோட்டம் என்ற சொல்லின் பொருள்கூட அவனுக்குத் தெரியாது. நோர்த் இதனை வேடிக்கையாகவே கூறுகிறார். நமக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. உழைப்பவனின் முதுகு உழைப்பிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டு, வடிவமாக மட்டும் மாறுகிறது. கூலி கொடுக்கப்படுவது முதுகின் வேலைக்கன்று, தோற்றத்துக்கு. அழகியற் பார்வை என்று நாம் பொதுவாகச் சொல்வதன் ஒரு பகுதி இக்கழற்றலே. நில ஓவியத்தில் நிலத்துக்கு நேர்வதும் இதுவே.

நோர்த் தமது எண்ணூறுக்கு மேற்பட்ட படங்களை லண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அளித்தார். அவற்றுக்கென அவர் செலவிலேயே எழுப்பப்பட்ட காட்சிக்கூடம் 1882இல் திறக்கப்பட்டது. வருவோருக்கு அங்கே தேநீரும் கோப்பியும் வழங்கவேண்டும் என்று விரும்பினார். பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் இணங்கவில்லை. நோர்த் அதற்கு ஈடாகக் கதவுகளின் மேல் தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் வரைந்துவைத்தார். இதனைப் படிக்கும்போது மலையகத்தான் எவனுக்கும் மெல்லிய சிரிப்பு வராமற் போகாது. கோப்பைகூடத் தேவைப்படாமல், தேயிலை வாயிலின் அலங்காரமாகிவிட்டது.

இவ்விடத்துத் தமிழ் மரபு என்ன தருகிறது என்று கேட்கலாம். நிலத்தை முதற்பொருளாகவும், அதிலுள்ளவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுத்த தொல்காப்பியர், கருப்பொருளின் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு 'செய்தி' என்று தொழிலையும் வைத்தார். நிலத்தைச் சொல்லும்போது அங்கு நடைபெறும் தொழிலைச் சொல்லாமல் விடமுடியாது என்பது இலக்கண விதியாகவே நம்மிடம் இருந்தது. ஐரோப்பிய நில ஓவியம் சிரமப்பட்டு இழந்த ஒன்று இது. ஆயினும் இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு நம்மவர் விரைந்து செல்கின்றனர். மலை என்பதால் மலையகத்தைக் குறிஞ்சி என்பதும், கொழுந்தெடுக்கும் பெண்ணைத் தினைப்புனம் காக்கும் தலைவியாக்குவதும் விழா மலர்களில் வாடிக்கையாகிவிட்டன. குறிஞ்சித் தலைவி காத்தது தன் குடியின் புனம். பதினோராம் நம்பர் மலை எவருடையது? கம்பனிக்குரியதாயிருந்து, 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் அதன் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எக்காலத்திலும் அது கொழுந்தெடுப்பவளுடையதாயிருந்ததில்லை. திணைக்கோட்பாட்டின் பயன் அதன் பெயர்களில் இல்லை. நிலத்தையும் தொழிலையும் பிரிக்காது காணும் முறையில் உள்ளது.

முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர்கள், 'அப்படியானால் தொழிலாளியைப் படத்தில் வரைந்தால் தீர்ந்தது' என்பர். தீராது. கொழுந்துக் கூடையைத் தலையில் தொங்கவிட்டுச் சிரிக்கும் பெண் தேயிலைப் பெட்டிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறாள். அவளைச் சிரிப்பவளாக வரைவதற்குப் பதிலாக அழுபவளாக வரைந்தால் மட்டும் ஓவியம் மாறிவிடுமா? பார்ப்பவன் அதே பங்களா முற்றத்தில்தான் நிற்கிறான். முன்னர் இரசித்தான், இப்போது இரங்குகிறான். மனித உருவே இன்றிச் செயின்ற் விக்ரொயர் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்த செசானின் படங்கள் இத்தகைய இரக்கப் படங்கள் பலவற்றைவிட உழைப்புக்கு நெருக்கமானவை என்பது என் துணிபு. ஒவ்வொரு தீற்றலும் ஒரு முடிவாக, ஒரு வேலையாக அங்கே தெரிகிறது. மலை கட்டப்படுவதை நாம் காண்கிறோம். செசானுக்கு வங்கி உரிமையாளரான தந்தையின் சொத்து இருந்தது என்பதையும் உடன் சொல்லிவிடவேண்டும். ஒரே மலையின்முன் இருபது ஆண்டுகள் நிற்பதற்கு யாரோ செலவு செய்தாகவேண்டும்.

ஒளியை எடுத்துக்கொள்வோம். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வரண்ட காற்று வீசும். வானம் கழுவித் துடைத்ததுபோல் தெளியும். மலைகளின் விளிம்புகள் கத்தியால் வெட்டியவைபோல் துலங்கும். ஓவியனுக்கு இதனினும் சிறந்த பருவம் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கும் அவ்வாறே: அக்காற்றில் இறுகும் இலைதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைத் தருகிறது, கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போகிறது. கொழுந்தெடுப்பவளுக்கோ அது துளிர் குறையும் காலம். விதித்த நிறை சேராவிட்டால் அரைப்பேர்தான் விழும். ஒரே ஒளி மூவருக்கு மூன்று பொருள்படுகிறது. இம்மூன்றும் தெரிந்த ஒருவன் அவ்வொளியைத் தீட்டும்போது மஞ்சள் நிறம் எவ்வாறு மாறும் என்று என்னால் சொல்லமுடியாது. அது ஓவியன் தூரிகையால் காணவேண்டிய விடை. மாறாமல் இராது என்று மட்டும் கூறலாம்.

1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ், கனிப்பொருள் வியாபாரி அதன் விலையைக் காண்கிறானேயன்றி அழகைக் காண்பதில்லை என்றும், கவலையில் ஆழ்ந்த வறியவனுக்கு மிகச் சிறந்த காட்சியும் புலப்படுவதில்லை என்றும் கூறுவார். இரண்டாவது கூற்றை நம்மிற் சிலர் அவசரமாகப் பற்றிக்கொண்டு, தோட்டத் தொழிலாளிக்கு மலையின் அழகு தெரியாது என முடிவுகட்டியதுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த மலையக நாட்டார் பாடல்களைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். பனியும் மழையும் மரமும் அங்கு நிறையவே உண்டு. ஆனால் அவை பிரட்டுக்கும் கங்காணிக்கும் இடையே, காதலுக்கும் கூடைக்கும் இடையே வருகின்றன. இலக்கியத்தில் இந்தப் பார்வை எழுபது, எண்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. ஓவியத்தில் அது பின்தங்கியமைக்குக் காரணம் திறமையின்மையன்று. பாட்டுக்குக் குரல் போதும். ஓவியத்துக்குத் தாளும் வண்ணமும் பகல் வெளிச்சமும் வேண்டும். பகல் வெளிச்சம் முழுவதும் தோட்டத்துக்கு விற்கப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில் ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர், தேயிலையோடு தொடர்புடைய அன்றாடப் பொருள்களையே தம் கலைக்குரிய ஊடகமாக்கியிருப்பதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். மலையைத் தூரத்திலிருந்து வரைய அவர்கள் அக்கறை காட்டாமை வியப்புக்குரியதன்று.

போட்டிக்கு மறுநாள் காலை அத்தோட்டத்துப் பதினோராம் நம்பர் மலையைக் காணச் சென்றேன். அங்கு செல்ல நல்ல பாதை மேலேயுள்ள வீதியிலிருந்தே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வானமும் பள்ளத்தாக்கும் தொலைவில் தாழ்நிலமும் விரிந்து தெரியும். எந்த ஓவியனும் அங்கேதான் பலகையை நிறுத்துவான். ஆனால் கொழுந்து நிரை கீழிருந்து தொடங்கும் என்றார்கள். படிக்கட்டுகளில் இறங்கிக் கீழ்க்கானின் ஓரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். செடிகளின் அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்றது. இடையிடையே கான்கள் மேலிருந்து கீழிறங்கின. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தும் அங்கே வானம் தெரியவில்லை.